ஊன்றுகோல் முதலில், கண் பிறகு
(மார்கழித் திருவாதிரை விழாவின் நிறைவு நாள் சொற்பொழிவு)

  

மார்கழித் திருவாதிரையை ஒட்டி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அண்மையில் உள்ள இத்திருக்கோயிலில், சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தை மூன்று நாட்களாகச் சிந்தித்து வருகின்றோம். இன்று நிறைவு நாள். அழைப்பிதழில் இன்றைக்கு வேறொரு தலைப்பு அச்சாகியிருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள இசைவு தருமாறு விழாக் குழுவினரை அடியேனே கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நேற்றிரவு சொற்பொழிவு முடிந்து அனைவரும் கலைந்த பிறகு, ஓர் அம்மையார் கொடிமரத்தருகே தனியாக நின்றிருந்தார். "ஐயா, என் மகனுக்குப் பதினாறு வயது. நன்றாகப் படித்த பிள்ளை. இப்போது இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறான். பகலில் எழுந்திருப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். 'இனிமேல் என்ன இருக்கிறது, விடும்மா' என்று மட்டும் சொல்கிறான். எந்தத் தலத்துக்குப் போகவேண்டும், என்ன பரிகாரம் செய்யவேண்டும், சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டார்.

ஒரு தலத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நெய்விளக்கு ஏற்றச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த அம்மையாரும் ஆறுதலோடு போயிருப்பார். ஆனால் அடியேனுக்கு நா எழவில்லை. "அம்மா, நாளை வாருங்கள், நாளைக்கு இதைப்பற்றியே பேசுகிறேன்" என்றேன். நா ஏன் எழவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன். முதலில் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு சொல்லைக் கவனியுங்கள். "இனிமேல்" என்றான். அது காலத்தைக் குறிக்கும் சொல். அந்தப் பிள்ளைக்குக் காலத்தோடு ஏதோ வழக்கு ஏற்பட்டிருக்கிறது.

பதினாறு வயதும் பாசக்கயிறும்

காலத்தோடு வழக்காடிய பதினாறு வயதுப் பிள்ளை ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். மார்க்கண்டேயர். மிருகண்டு முனிவருக்கு இறைவன் வரமளித்தபோதே, அப்பிள்ளைக்கு வயது பதினாறுதான் என்று வரையறுத்துவிட்டான். அந்த வயது நெருங்க நெருங்கப் பெற்றோர் முகம் வாடியது. காரணம் கேட்டு அறிந்துகொண்ட பிள்ளை என்ன செய்தார்? வரப்போகும் நாளை எண்ணி மூலையில் சுருண்டு கிடக்கவில்லை. இலிங்கத் திருமேனியை இறுகப் பற்றிக்கொண்டார். பாசக்கயிறு வந்து விழுந்தது. காலனை உதைத்துக் காலகாலன் என்று பெயர் பெற்றான் எம்பெருமான்.

திருக்கடவூர்க் கதை என்று கேட்டுவிட்டுப் போகின்றோம். ஆழ்ந்து பார்த்தால், பதினாறு வயதை அடையும் ஒவ்வொரு பிள்ளைமீதும் காலம் தன் கயிற்றை வீசத்தான் செய்கிறது. குழந்தைக்கு நாளை என்பது கிடையாது. இன்றைக்குப் பண்டம் கிடைத்தால் போதும். முதியவருக்கு நேற்று பெரிது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறதே இந்தப் பருவம், இப்போதுதான் நேற்று, இன்று, நாளை என்ற மூன்றும் ஒருங்கே தலைமேல் இறங்குகின்றன. "நான் செய்தது தவறோ?" என்பது நேற்று. "என்னை யார் மதிக்கிறார்கள்?" என்பது இன்று. "நான் என்ன ஆவேன்?" என்பது நாளை. கயிறு மூன்று புரியாக வருகிறது. பற்றிக்கொள்ள ஒன்று அகப்படாவிட்டால் பிள்ளை என்ன செய்யும்?

அறிஞர் கண்ட ஐந்து நோக்கு

இதனை இக்கால மனநூல் அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2024இல் மறைந்த பிலிப் சிம்பார்டோ என்பவரும், ஜான் பாய்டு என்பவரும் 1999இல், மனிதர் காலத்தை நோக்கும் முறையை அளந்து பார்க்க ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். அதிலே ஐந்து நோக்குகளைப் பிரித்துக் காட்டினார்கள். நம் ஊர் வழக்கில் அவற்றைச் சொல்லிப் பார்ப்போம்.

ஒருவன் கழிந்த காலத்தைக் கசப்போடு நினைக்கிறான்: "அன்றைக்கு அவர்கள் என்னைக் கேலி செய்தார்களே!" மற்றொருவன் அதே கழிந்த காலத்தை இனிமையோடு நினைக்கிறான்: "பாட்டியோடு திருவாலங்காட்டுத் தேர் பார்த்தேனே!" மூன்றாமவன் இன்றைய இன்பத்திலே திளைக்கிறான்: கைபேசியும் மோட்டார் வண்டியும் போதும், நாளைய கதை நாளைக்கு. நான்காமவனும் இன்றிலேதான் இருக்கிறான். ஆனால் இன்பமாக இல்லை. "என் கையில் எதுவும் இல்லை, நடப்பது நடக்கட்டும்" என்று சோர்ந்து கிடக்கிறான். ஐந்தாமவன் எதிர்காலத்தை நோக்கித் திட்டமிடுகிறான்.

இவற்றில் எது நல்லது? எதிர்கால நோக்குத்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். அறிஞர்கள் அப்படிச் சொல்லவில்லை. எதிர்காலம் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுபவன் இன்றைய சோற்றின் சுவையை அறியமாட்டான். கழிந்ததன் இனிமை நிறைய வேண்டும். எதிர்கால நோக்கும் இன்றைய மகிழ்ச்சியும் அளவோடு வேண்டும். கழிந்ததன் கசப்பும், "நடப்பது நடக்கட்டும்" என்ற சோர்வும் குறையவேண்டும். இதுவே சமன்பட்ட நோக்கு என்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தேவைக்கேற்ப மாறத் தெரிந்தவன் நலமாக இருக்கிறான்; ஒரே காலத்தில் பூட்டப்பட்டவன் வாடுகிறான்.

வளரிளம் பருவத்தினரைத் தனியே ஆராய்ந்தவர்களும் உண்டு. பிராங்க் வொரல், சீனா மெல்லோ ஆகிய இருவரும் அவ்வழியில் உழைத்தவர்கள். நேற்று, இன்று, நாளை என்னும் மூன்றையும் நல்லெண்ணத்தோடு பார்க்கும் பிள்ளைகள் மனநலத்தோடு இருப்பதையும், மூன்றையும் வெறுப்போடு பார்க்கும் பிள்ளைகள் துன்புறுவதையும் இத்தகைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைவோடு வாழ்கிறார். இது அடுத்த வீட்டுச் செய்தி அன்று, அன்பர்களே! இந்த மண்டபத்தில் ஏழு பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள் என்றால் நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சுபாவம் பல, சன்னிதி ஒன்று

எல்லாப் பிள்ளைகளும் ஒரே சோதனையில் ஒரே மாதிரி வாடுவதில்லையே, ஏன்? சுபாவம் வேறு வேறு. ஆளுமையை ஆராயும் அறிஞர்கள் அதனை ஐந்து கூறாகப் பகுத்துப் பார்க்கிறார்கள். புதியதை நாடும் இயல்பு, பொறுப்போடு செய்து முடிக்கும் இயல்பு, பலரோடு கலந்து பழகும் இயல்பு, இணங்கிப் போகும் இயல்பு, எளிதில் கலங்கும் இயல்பு என்பன அவை. பொறுப்புணர்ச்சி மிக்க பிள்ளை பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியிருக்கும். எளிதில் கலங்கும் பிள்ளை கழிந்ததன் கசப்பிலே அதிகம் தங்கும். மனச்சோர்வும் அச்சமும் அப்பிள்ளையை எளிதில் பற்றும். இது சாய்வு, தீர்ப்பு ஆகாது. சாய்ந்த கொடிக்குக் கொம்பு நட்டால் அது பந்தலில் ஏறிவிடுகிறது அல்லவா?

நம் நாயன்மார்களைப் பாருங்கள். கண்ணப்பர் ஆறே நாளில் அன்பின் எல்லையைக் கண்டவர். நாளை என்பதை அறியாதவர். திருநாவுக்கரசர் கழிந்த காலத்தை எண்ணி எண்ணி உருகியவர். ஆனால் உருகியபடியே உழவாரப் படையைக் கையில் எடுத்து இன்றைய தொண்டில் இறங்கியவர். நந்தனார் என்று நாம் போற்றும் திருநாளைப்போவாருக்குப் பெயரே நாளை என்பதால் அமைந்தது. மூவர் சுபாவமும் ஒன்றா? எம்பெருமான் கண்ணப்பரைப் பார்த்து, "நாவுக்கரசரைப் போல் இரு" என்று சொன்னானா? நாம்தான் நம் பிள்ளையைப் பார்த்து, "எதிர்வீட்டுப் பையனைப் பார்" என்கிறோம்.

இந்த மண்ணின் காலம்

சுபாவம் பாதி, வாழும் இடமும் பாதி. நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் வழியாகக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழுந்தது. வயலாக இருந்த இடங்களில் உருக்காலைகள் நிற்கின்றன. பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்றால் அது இத்தொழிலால்தான். அதை அடியேன் குறை சொல்லவில்லை. ஆனால் ஆலைக்குச் சங்கு மூன்று. தந்தைக்கு இந்த வாரம் இரவு ஷிப்டு. தாய்க்குக் காலை ஷிப்டு. பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது தந்தை புறப்படுகிறார். தாய் அயர்ந்து உறங்குகிறார். வீட்டில் மூன்று பேர். மூவருக்கும் மூன்று காலம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதுவான வேளை இல்லாமற்போனால், பிள்ளை தன் காலத்தை யாரோடு பகிர்ந்துகொள்வது? அதுதான் நள்ளிரவில் கைபேசியின் வெளிச்சத்தில் தனித்துக் கிடக்கிறது.

இதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர்க் கடல் கடந்து வந்த பல்லாயிரவர் தமிழ்நாட்டு முகாம்கள் பலவற்றில் தங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். அவர்களில் பலருக்கு இந்நாட்டுக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை. பெற்றோரின் நேற்றோ கடலுக்கு அப்பால். தன்னுடைய நாளையோ எந்த நாட்டில் என்று தெரியாது. அந்தப் பிள்ளையிடம் போய், "எதிர்காலத்தைத் திட்டமிடு தம்பி" என்று எளிதாகச் சொல்லிவிடலாமா? அவன் கண்ணில் குறை இல்லை. வழியின்மேல் மூடுபனி படர்ந்திருக்கிறது. மூடுபனியை விலக்குவது சமுதாயத்தின் கடமை. அதுவரை அவன் கையைப் பற்றி நடப்பது நம் கடமை.

அடியேன் செய்த பிழை

இப்போது, நேற்று நா எழாத காரணத்துக்கு வருகின்றேன். நாற்பது ஆண்டுகளாக மேடையில் பேசி வருகின்ற அடியேன், ஒரு பிழையை உங்கள்முன் சொல்லித் தீரவேண்டும்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர், அடியேனுடைய தமக்கையின் பேரன் பிளஸ் டூத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறினான். பொறுப்புள்ள பையன்; கலங்கும் சுபாவம் உள்ளவன். இரண்டு ஆண்டுகளாக நாளை, நாளை என்றே வாழ்ந்தவன். அந்த நாளை ஒரே காலைப்பொழுதில் இடிந்து விழுந்தது. தமக்கை என்னை அழைத்தார்: "தம்பி, நீ நாலு நல்ல வார்த்தை சொல்லப்பா, உன் பேச்சைக் கேட்பான்." அடியேனும் சென்றேன். விபூதி பூசினேன். முன்வினை, ஊழ், பிராரத்தம் என்று அரைமணி நேரம் பேசினேன். "உனக்கு இவ்வளவுதான் என்று இருந்தால் யார் மாற்ற முடியும்? ஏற்றுக்கொண்டு அமைதியாக இரு" என்றேன். அவன் தலையை ஆட்டினான். நல்லவிதமாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு அடியேன் திரும்பி வந்தேன்.

அவன் அமைதியாகத்தான் இருந்தான். அளவுக்கு மீறிய அமைதி. உணவு குறைந்தது. தனக்குப் பிரியமான பொருள்களையெல்லாம் தம்பி தங்கையர்க்குக் கொடுத்தான். நான் அடக்கம் என்று எண்ணினேன். அவனைப் பெற்றவளுக்கு மட்டும் வயிறு கலங்கியது. அவள் படிக்காத பெண். அவள் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. இரவிலே அவன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதாடா கண்ணு?" என்று நேராகவே கேட்டாள். அவன் உடைந்து அழுதான். மறுநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். எட்டு மாதம் மருந்தும் பேச்சும் தொடர்ந்தன. விட்ட பாடத்தை எழுதினான். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். இன்று இதே தொழிற்பேட்டையில் எந்திரப் பராமரிப்புப் பணியில் இருக்கிறான். இன்றும் சில காலங்களில் மனம் கனக்கும்; அப்போது தானாகவே மருத்துவரிடம் செல்கிறான். அவன் இசைவு பெற்றுத்தான் இதைச் சொல்லுகின்றேன்.

பல ஆண்டுகள் கழித்து அவன் என்னிடம் சொன்னான்: "தாத்தா, அன்றைக்கு நீங்கள் பேசப்பேச, திறந்திருந்த ஒரே கதவையும் யாரோ சாத்துவது போல இருந்தது."

அன்பர்களே! அறிஞர் சொன்ன ஐந்து நோக்கில் நான்காவதை நினைவுகூருங்கள். "என் கையில் எதுவும் இல்லை, நடப்பது நடக்கட்டும்." அந்த நஞ்சைச் சைவத்தின் பெயரால் அந்தப் பிள்ளைக்கு ஊட்டியவன் அடியேன்!

வினையின் பெயரால் வாளா இருக்கலாமா?

சைவம் அப்படித்தான் சொல்கிறதா? திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூருக்கு, அதாவது இன்றைய திருச்செங்கோட்டுக்கு, எழுந்தருளியபோது நடந்ததைச் சேக்கிழார் பாடுகிறார். அது பனிக்காலம். உடன்வந்த அடியார்களை நளிர்சுரம் பற்றியது. இந்நாட்டில் இக்காலத்தில் இந்நோய் வருவது இயல்பு என்று விண்ணப்பித்தார்கள். இயல்பு என்று பெருமான் ஏற்றுக்கொண்டாரா? "உங்கள் முன்வினை, அனுபவியுங்கள்" என்று சொன்னாரா? இல்லை. திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் திருப்பதிகம் பாடினார். முன்வினையையே சொல்லிக்கொண்டு பிழைக்கும் வழியைத் தேடாமலிருப்பது அடியார்க்குக் குறை என்பது அப்பதிகம் தரும் தெளிவு. சுரம் நீங்கிற்று. அடியார்க்கு மட்டும் அன்று, அந்நாடெங்கும் நீங்கிற்று.

வினை உண்டு என்பது சித்தாந்தம். வினைக்குமேல் திருவருள் உண்டு என்பதும் சித்தாந்தம். முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பவன் பாதி மருந்தைக் கொடுப்பவன். சுரத்துக்கு மருந்து உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நாம், மனம் நோவுற்றால் மட்டும் பாவம், பேய், தோஷம் என்று ஏன் பேசுகிறோம்? மனமும் உடம்பைச் சார்ந்த கருவிதானே! அந்தக்கரணம் என்று நம் நூல்கள் சொல்கின்றன. கருவி பழுதுற்றால் பழுது நீக்குபவரிடம் காட்டுவதில் இழுக்கு என்ன இருக்கிறது?

அக்காவின் காலைப் பற்றிய தம்பி

பெற்றவள் செய்ததைப் பெரிய புராணத்திலும் காணலாம். திருவாமூரில் திலகவதியார் பன்னிரண்டு வயதளவில் இருந்த பெண். கலிப்பகையாருக்கு மணம் பேசினார்கள். அவர் போர்க்களம் சென்றார். இடையிலே தந்தை மறைந்தார், தாயும் மறைந்தார். பிறகு கலிப்பகையாரும் களத்தில் வீழ்ந்தார் என்ற செய்தி வந்தது. அந்தச் சிறு வயதில் நேற்றும் போயிற்று, நாளையும் போயிற்று. உயிரை விடத் துணிந்தார். அப்போது தம்பி மருணீக்கியார் என்ன செய்தார்? தத்துவம் பேசினாரா? காலில் விழுந்து புரண்டார். தாயும் தந்தையும் போன பின்னும் உம்மை வணங்கலாம் என்றுதானே நான் உயிரோடு இருக்கிறேன், நீர் போனால் உமக்கு முன்னே நான் போய்விடுவேன் என்று அழுதார். அந்த அழுகை அக்காவை இன்றைக்குள் இழுத்து வந்தது. தம்பிக்காக உயிர் தாங்கினார். அவர் அன்று தாங்கிய உயிரால் அல்லவா நமக்கு நாவுக்கரசர் கிடைத்தார்!

உயிர் வெறுத்துப்போன பிள்ளைக்கு முதலில் வேண்டியது, "நீ இருக்கவேண்டும், நீ எனக்கு வேண்டும்" என்ற ஒரு குரல்.

வெண்பாக்கத்து ஊன்றுகோல்

நிறைவாக, நம் மாவட்டத்துக்கே உரிய வரலாறு ஒன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். சில காலம் சென்றது. திருவாரூரின் வசந்த விழா நினைவுக்கு வந்தது. நேற்றைய இனிமை அழைத்தது, சத்தியம் மறந்தது, புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் ஒளி இழந்தன. நேற்றுச் செய்த பிழை உறுத்துகிறது; இன்று வழி தெரியவில்லை; நாளை இருள். நம் பிள்ளைகளின் நிலை இதுதானே!

வடதிருமுல்லைவாயிலைப் பணிந்து, திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். "கோயிலில் இருக்கிறாயா?" என்று கேட்டார். "இருக்கிறோம், நீர் போம்" என்ற பொருளில் விடை வந்தது. கூடவே ஓர் ஊன்றுகோலும் வந்தது. கண் வரவில்லை. சினந்த சுந்தரர் அக்கோலை வீசினார் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்றும் தலவரலாறு கூறும். கோலை வீசியதற்காகப் பெருமான் கோபித்தானா? இல்லை. அம்மை மின்னலாய் ஒளிகாட்டி வழி நடத்தினாள். அதனால் மின்னொளி அம்மை என்று திருநாமம் பெற்றாள் என்பதும் அத்தலத்து வரலாறே. சுந்தரர் திருவாலங்காட்டைப் பணிந்து காஞ்சி சென்றார். ஒரு கண் பெற்றார். திருவாரூர் சென்றார், மற்றொரு கண் பெற்றார்.

இதிலே நாம் கற்கவேண்டியவை மூன்று. முதலாவது, பார்வை திரும்பக் காலம் ஆகும். அதுவரை ஊன்றுகோல் வேண்டும். நாமோ ஊன்றுகோல் கொடுக்காமல் கண்ணை உடனே திற என்கிறோம். "இந்த வாரத்துக்குள் சரியாகிவிடு" என்று மருத்துவரையும் பிள்ளையையும் நெருக்குகிறோம். இரண்டாவது, துன்பத்தில் இருக்கும் பிள்ளை நாம் கொடுத்த கோலையே நம்மீது வீசும். சுடுசொல் பேசும், கதவை அறையும். நந்தி கொம்பை இழந்தும் இடம் பெயரவில்லை. பெற்றோரும் அப்படி இருக்கவேண்டும். மூன்றாவது, மின்னல் காஞ்சி வரைக்கும் வழியைக் காட்டாது. அடுத்த அடியைக் காட்டும். எதிர்காலத்தைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு ஐந்தாண்டுத் திட்டம் வேண்டாம். நாளைக் காலை எழுந்து குளிப்பது என்ற ஓர் அடி போதும்.

அந்த வெண்பாக்கம் எங்கே இருக்கிறது? பூண்டியில். கொசத்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டி, அது 1944இல் நிறைவேறியது. சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் பெற்றது. பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்புக்குள் போயிற்று. பெருமானை அங்கேயே விட்டுவிடாமல் கரையிலே கோயில் அமைத்து எழுந்தருளச் செய்தார்கள். ஊன்றீசுவரர் இன்றும் அங்கே அருள்பாலிக்கிறார். சென்னை மாநகரம் குடிக்கும் நீர் அந்த இடத்தில் தேங்குகிறது. நேற்று முழுகியது உண்மை. காக்க வேண்டியதைக் கரையேற்றிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. கழிந்த காலத்தை நாம் நடத்தவேண்டிய முறை அதுவே.

ஊன்றுகோலாக இருப்பது எப்படி?

ஷிப்டு எதுவாக இருந்தாலும், நாளில் ஒரு வேளை உணவைப் பிள்ளையோடு சேர்ந்து உண்ணுங்கள். அப்போது மதிப்பெண் பேச்சு வேண்டாம். பிள்ளை பிறந்த நாளின் கதையை, முதன்முதல் நடந்த கதையை, தாத்தா பட்டம் விட்ட கதையைச் சொல்லுங்கள். கழிந்ததன் இனிமை அப்படித்தான் ஊறும். உறங்கும் வேளையை வரையறுத்து, பெற்றோரும் கைபேசியை அப்பால் வையுங்கள். தேர்வு தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு என்பதையும், தொழிற்பயிற்சி, பாலிடெக்னிக் என்று வழிகள் பல உண்டு என்பதையும் முடிவு வருவதற்கு முன்பே பேசிவையுங்கள்.

உறக்கமும் உணவும் மாறி, பிரியமானவற்றில் பற்று விட்டு, இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ அன்றைக்கே செல்லுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சவேண்டாம். கேட்பதால் பாரம் குறையும் என்பதே மருத்துவர் கருத்து. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுச் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. தண்டிக்கச் சொல்லவில்லை, பராமரிக்கச் சொல்லுகிறது. ஆகவே மறைக்க வேண்டுவதில்லை, அஞ்சவும் வேண்டுவதில்லை.

நேற்று என்னிடம் கேட்ட தாயே! நீங்கள் இக்கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நம்புகின்றேன். உங்கள் மகனை நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வேண்டுமானால் அடியேனும் உடன் வருகின்றேன். பிறகு, அவனுக்கு நடக்க மனம் வந்த ஒரு நாளில், பூண்டிக்குக் கூட்டிச் செல்லுங்கள். பரிகாரத்துக்காக அன்று, கொம்பு ஒடிந்த அந்த நந்தியைக் காட்டுவதற்காக. "கோபத்தில் கோலை வீசியவரையும் இறைவன் கைவிடவில்லை, நானும் உன்னைக் கைவிடமாட்டேன்" என்று அவன் காதில் சொல்லுங்கள்.

பதினாறு வயதுப் பிள்ளையின்மேல் விழுந்த கயிற்றை அறுத்த காலகாலன், நம் வீட்டுப் பிள்ளைகளின் நேற்றை ஆற்றி, இன்றைத் தாங்கி, நாளையைத் திறந்தருள்வானாக. அவன் அருள் வருவதற்கு நம் கைகள் ஊன்றுகோலாக அமைவனவாக. 

திருச்சிற்றம்பலம்.